எழுபத்திரண்டாம் சேனல்

எதிரே வந்த எண்ணெய்க் கப்பல் பெண் குரலில் பேசியது.

மூன்றாம் அதிகாரிக்கு முதலில் தன் காதையே நம்ப முடியவில்லை. இந்தச் சரக்குக் கப்பலில் ஏறித் தொண்ணூற்றேழு நாள் ஆகிறது. அதற்குள் ரேடியோவில் எத்தனையோ கப்பல்கள் பேசிவிட்டன. எல்லாம் ஆண்களின் கட்டைக் குரல்.

விஷயம் சாதாரணம்தான். நீ வலப்பக்கம் ஒதுங்கு, நானும் ஒதுங்குகிறேன் என்ற வழக்கமான இங்கிலீஷ். பேசி முடித்த அந்தப் பெண், மைக்கின் பட்டனிலிருந்து விரலை எடுக்க மறந்து பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா!"

மூன்றாம் அதிகாரி துள்ளிக் குதித்தாள். நிஜமாகவே குதித்தாள். கப்பலைச் செலுத்தும் அறையில் அந்த நேரம் வேறு யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

"தமிழா நீங்க?"

ஒரு விநாடி வெறும் கொரகொரப்பு. அப்புறம் ஒரு கூச்சல். "ஐயோ! எழுபத்திரண்டுக்கு வாங்க, எழுபத்திரண்டுக்கு வாங்க!"

பதினாறாம் சேனல் எல்லோருக்கும் பொது. அதில் சொந்தக் கதை பேசக் கூடாது. எழுபத்திரண்டும் பூட்டுப் போட்ட அறை இல்லைதான், யார் வேண்டுமானாலும் காது கொடுக்கலாம். கொடுக்கட்டுமே. இந்த நடுக்கடலில் எவனுக்குத் தமிழ் புரியப் போகிறது?

இவளும் சேனலை மாற்றினாள். அவளும் மூன்றாம் அதிகாரியாம். அதே காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை கப்பலைச் செலுத்தும் காவலாம். யார் அக்கா, யார் தங்கச்சி என்பதில் அரை நிமிடம் வீணானது. மூன்று மாத வித்தியாசத்தில் எண்ணெய்க் கப்பல்காரி அக்கா ஆனாள்.

கப்பல்கள் கடந்துபோகப் பத்து நிமிடம்கூட இல்லை. எதைப் பேசுவது, எதை விடுவது? ஆண்கள் அளவு பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் போடுகிறேன் என்று இவள் சொன்னால், நான் மூன்று என்று அவள் சிரித்தாள். இவளும் சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று!

பிறகு அக்கா, "உடம்பு நல்லாருக்கா?" என்று கேட்டாள்.

சும்மா கேட்டதுதான். ஆனால் இந்தக் கப்பலில் ஒருவரும் கேட்டதில்லை. மூன்று நாளாக மறைத்து வைத்திருந்ததை மூன்றாம் அதிகாரி கொட்டித் தீர்த்தாள்.

காவல் நேரத்தில் ஆள் மாற்றாமல் அறையை விட்டு நகரக் கூடாது. அங்கிருந்த ஒரே கழிப்பறையில் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கிப் பூட்டியிருந்தார்கள். மற்றது நான்கு மாடி கீழே. ஒவ்வொரு தடவையும் ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போகக் கூச்சம். அதனால் விடிந்ததிலிருந்து காவல் முடியும்வரை சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. இப்போது சிறுநீர் கழித்தால் நெருப்பாக எரிகிறது. நேற்றிலிருந்து குளிர்காய்ச்சல், முதுகில் வலி.

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். கப்பல் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. இவள்தான் மூன்று நாளாகக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

கேப்டனிடம் சொல்ல வாய் வரவில்லை. பெண் என்று வந்தால் ஏதாவது ஒரு பிரச்சினையும் கூடவே வரும் என்று முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னவர். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கொடுக்கலாமா? அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டு, இனி இந்தக் கப்பலுக்குப் பெண்ணே வேண்டாம் என்று கம்பெனிக்கு எழுதிவிடுவாரோ என்று பயந்தாள்.

"அடிப்பாவி, முதுகு வலிக்குதா? கிட்னிக்கு ஏறிடுச்சின்னா என்னடி பண்ணுவே? போன தடவ இப்படித்தான் என்னை ஸ்ட்ரெச்சர்ல வச்சு இறக்கினாங்க. இப்பவே கேப்டனுக்குப் போன் பண்ணு. அவரு கரையில இருக்கிற டாக்டர்கிட்ட பேசுவாரு. மாத்திரை கப்பல்லயே இருக்கும்."

"எப்படிக்கா சொல்றது?"

"வெட்கமா இருந்தா மூணே எழுத்து சொல்லு. யூ டி ஐ. டாக்டருங்க இதுக்கு வச்சிருக்கிற பேரு. ஏதோ இன்ஜின் பார்ட்டு மாதிரி சொல்லிட்டுப் போயிடு."

அதற்குள் எண்ணெய்க் கப்பல் பக்கவாட்டில் வந்துவிட்டது. அதன் உச்சியில் ஆரஞ்சு நிறச் சட்டையில் ஒரு சின்ன உருவம் இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தது. இவளும் அறையை ஒட்டிய திறந்த மாடத்துக்கு ஓடித் தோள் வலிக்க வலிக்கக் கையை ஆட்டினாள்.

திரும்பி வந்து மைக்கை எடுப்பதற்குள், "எங்க கேப்டன் வர்றாரு, வைக்கிறேன்! போன் பண்ணுடி!" என்று அந்தக் குரல் நின்றுபோனது.

அந்தச் சூடு ஆறுவதற்குள் செய்துவிட வேண்டும். போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். கேப்டன், "யெஸ்" என்றார்.

மூன்றே எழுத்து, ஒன்றுகூட வெளியே வரவில்லை.

ரேடியோ மறுபடி கொரகொரத்தது. இன்னும் எழுபத்திரண்டில்தான் இருந்தது. இது அக்கா இல்லை. வேறு குரல், சின்னப் பெண் குரல், யாருக்கோ பயந்து கிசுகிசுப்பதுபோல.

"அக்கா... அந்த மூணு எழுத்து சரியா கேக்கல. இன்னொரு வாட்டி சொல்லுங்க. எழுதிக்கிறோம்."

எழுதிக்கிறேன் இல்லை, எழுதிக்கிறோம்.

மூன்றாம் அதிகாரி கண்ணாடி வழியே பார்த்தாள். அடிவானம் வரை ஏழெட்டுக் கப்பல்கள். எதிலிருந்து என்று தெரியவில்லை.

போனில் கேப்டன் ஹலோ, ஹலோ என்றார். அவள் மற்றொரு கையால் மைக்கை எடுத்துப் பட்டனை அழுத்தினாள். இரண்டையும் வாயருகே சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஊரே கேட்கட்டும் என்று ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொன்னாள்.