இங்கே பேசுவது இங்கேயே

தலையில் மிச்சமிருப்பது காதோரம் ஒரே ஒரு வரிசை முடி. அதற்காக வாரா வாரம் சலூனுக்கு வருகிற மனுஷனை என்னவென்று சொல்வது?

சலூன்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. சலூன் என்றாலே வம்பு மடம் என்கிற பேச்சை நாமாவது பொய்யாக்க வேண்டும் என்று கடை திறந்த அன்றே முடிவெடுத்தவர். 'இங்கே பேசுவது இங்கேயே' என்று கண்ணாடிக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார். "உங்களைக் கட்டிக்கிட்டு உருப்படியா ஒரு ஊர்க்கதை கேட்டிருப்பேனா?" என்று அவர் மனைவி அலுத்துக்கொள்வாள்.

வழுக்கைக்காரர் ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். முதல் வாரம் வந்தபோது கடையில் வேறு யாருமில்லை. இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார். பெருங்குடலில் பாலிப்பாம். மரு மாதிரி உள்ளே வளர்கிற சதை. டியூபை விட்டு எடுத்துவிட்டார்களாம்.

"எந்த வழியா சார் டியூபு?" என்று சலூன்காரர் கேட்டுவிட்டார்.

"வாய் வழியா இல்லைப்பா."

அதோடு அந்தப் பேச்சு நின்றது.

எடுத்த சதையைத் தூக்கிப் போடாமல் லேபுக்கு அனுப்பினார்களாம். அதற்குள் மார்க்கர் என்று சில மூலக்கூறு அடையாளங்கள் இருக்குமாம். அதையெல்லாம் பார்த்து, இந்த ஆளுக்கு மறுபடி முளைக்குமா, அடுத்த சோதனையைச் சீக்கிரமே வைக்கணுமா, நிதானமாக வைக்கலாமா என்று கணிக்கிறார்களாம்.

"நான் ஃபெயிலாக்காத பையனே கிடையாது. என் பாலிப் மட்டும் அந்த மார்க்கர் எல்லாத்துலயும் பாஸ் பண்ணிடுச்சு. பாஸ் பண்ணவே கூடாத பரீட்சை அது" என்றார் வாத்தியார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார்.

சலூன்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "சார், போன வருஷம் இதே நாற்காலியில உட்கார்ந்து ஒருத்தர் இதே சமாசாரத்தைச் சொன்னார். உங்க காதுக்கு வந்துச்சா?"

"வரலையே."

"வராது சார்."

அடுத்த வாரமும் வாத்தியார் வந்து உட்கார்ந்தார். வெட்ட ஒன்றும் இல்லாததால் மீசையை ஒதுக்கச் சொன்னார். ஒதுக்கி முடிப்பதற்குள், யார்கிட்டயாவது சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றார் சலூன்காரர். வீட்டில்கூடவா என்றார். வீட்டில்கூட இல்லை. வாத்தியார் உம்மென்று எழுந்து போனார்.

மூன்றாவது வாரமும் அதே கேள்விதான். "நிஜமாவே சொல்லலையா? ஒருத்தர்கிட்டகூடவா?" என்று துருவித் துருவிக் கேட்டார். சலூன்காரருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த நாணயத்தை இப்படியா சந்தேகப்படுவது? அவர் போனதும், ஒரு முடிகூட விழாத தரையைக் கோபத்தோடு பெருக்கித் தள்ளினார்.

நான்காவது வாரம் ஷேவிங். முகமெல்லாம் நுரையோடு வாத்தியார் மறுபடி வாயைத் திறந்தார். சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், என் மேல நம்பிக்கை இல்லேன்னா தாராளமா வேற கடைக்குப் போங்க. உயிரே போனாலும் நீங்க சொன்னது என் வாயிலேருந்து வராது."

வாத்தியார் நுரையோடு எழுந்துவிட்டார்.

"அதான்யா என் தலையெழுத்து. ஊர்ல இருக்கற சலூன்காரங்க எல்லாம் ஊர்க்கதை பேசறாங்க. எனக்குன்னு வந்து வாய்ச்சவன் வாய்க்குப் பூட்டு போட்டுக்கிட்டு நிக்கறான்."

சலூன்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. வாத்தியார் கொட்டித் தீர்த்தார். இந்த ஒரு டெஸ்டை வைத்து எல்லாவற்றையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாதாம். ஆனாலும் குடும்பத்தில் வரக்கூடிய ஜாடை தெரிகிறது, கூடப் பிறந்தவர்கள் கட்டாயம் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவருக்குக் கூடப் பிறந்தது ஒரே தம்பி. அப்பாவின் சுவர்க் கடிகாரம் யாருக்கு என்று ஆரம்பித்த சண்டையில் முகம் பார்த்துப் பல வருஷம் ஆயிற்று. கடிகாரம் அண்ணன் வீட்டில். அதற்குச் சாவி கொடுக்கிற சாவி தம்பி வீட்டில். இரண்டும் சும்மா கிடக்கின்றன.

"போன் பண்ணினா என் குரலைக் கேட்டதும் வெச்சுடறான். வீட்டுக்குப் போனா கதவைத் திறக்க மாட்டான். ஆனா புதன்கிழமையானா இதே நாற்காலியில வந்து உட்கார்றான். உன் வாய் வழியா அவன் காதுக்குப் போயிடும்னுதான்யா, இல்லாத முடிக்கு வாரா வாரம் வந்து தலையைக் கொடுத்தேன்."

வாத்தியாரின் கண்ணீர் நுரையில் கோடு போட்டு இறங்கியது.

"நான் ரத்தம் போனதைப் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒரு வருஷம் முன்னாடியே வந்திருந்தா இவ்வளவு பயமே இல்லைன்னு டாக்டர் சொன்னார். அவனாவது முன்னாடியே பார்த்துக்கட்டும்யா. என்ன இருந்தாலும் என் தம்பி."

சலூன்காரர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு மேலே தன் கையால் எழுதியதை ஒரு தடவை படித்தார். பிறகு கடை திறந்த நாளிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"சார்... போன வருஷம் ஒருத்தர் இதே சமாசாரத்தைச் சொன்னார்னு சொன்னேனே, அது உங்க தம்பிதான். அவரும் வாரா வாரம் வந்து, 'யார்கிட்டயாவது சொன்னியா, யார்கிட்டயாவது சொன்னியா'ன்னு கேட்டுட்டு, நான் இல்லேன்னதும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டுப் போனார் சார்."