வளைவில் நின்றுவிட்ட குட்டை டிரக்

நேரே போனால் ஒரு முழம் தள்ளியே வரும். திரும்பினால் முதுகுக் கண்ணாடியை முட்ட வரும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?

டிரக்கின் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீட்டின் மூக்குதான். அந்த மூக்கைத் தன் குட்டையான பின்தொட்டியில் பூட்டிக்கொண்டு சின்ன டிரக் வெள்ளோட்டம் போனது. வாங்க வந்தவரின் மகள் நறுமுகை, பின் இருக்கையில் கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இவர்களுக்குப் பிடிக்காவிட்டால் சின்ன டிரக் இன்னொரு மழைக்காலத்தையும் கடை வாசலிலேயே கழிக்க வேண்டும்.

"வளைவு வருதே, அக்கா! இடிக்க மாட்டியே?" என்றது சின்ன டிரக்.

"இதுவரை இடிச்சேனா?" என்றது சக்கர வீடு.

"இதுவரை நேர் ரோடு!"

"வாயை மூடிக்கிட்டுப் போ, தம்பி. வாங்கின பிறகு அவங்க பாடு."

டிரக் திரும்பியது. ஒரு முழ இடைவெளி சாணானது, நான்கு விரலானது, இரண்டானது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நறுமுகையின் பின்னல் ஆடியது.

"என்னால முடியாது!" டிரக் எஞ்சினை அணைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

எதிரே இருந்த கடை வாசலில் விற்பனைக்கு நின்ற நீளத்தொட்டி டிரக் சிரித்தது. "வந்தவங்களை நீயே விரட்டிட்டியேடா!"

நறுமுகை இறங்கிப் போய் இடைவெளியில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு, திரும்பினாலும் மூக்கு முட்டாத நீளத்தொட்டி டிரக்கில் ஏறி உட்கார்ந்தாள்.