வண்டி வந்த சத்தம்

புதிதாகத் தன் பெயருக்கு மாற்றிய பைக்கை, கொல்கத்தாவின் பெஹாலா பகுதியில் இருந்த மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள் சரிதா.

மெக்கானிக் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான்.

“ஆயில் கருத்துப் போச்சு தீதி. ஆனா கிலோமீட்டர் ஏறவே இல்லையே?”

“எனக்கு ஓட்டத் தெரியாது. தினம் சாயங்காலம் வாசல்ல ஸ்டார்ட் மட்டும் பண்ணுவேன்.”

“எதுக்கு?”

“மாமனாருக்குக் கண் தெரியாது. மகனோட, அதான் என் வீட்டுக்காரரோட, பேச்சுவார்த்தையும் கிடையாது. ஆனா மகன் வண்டி வந்த சத்தம் கேட்டாத்தான் சாப்பிடுவார். மகன் வெளியூர்ல இறந்துபோனதை நான் இன்னும் சொல்லலை.”

மெக்கானிக் பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயிலை ஊற்றினான்.

அன்று மாலையும் சரிதா வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்தாள்.

உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வந்தது.

“ஆயில் மாத்திட்ட போலிருக்கு, சரிதா. நிறுத்திட்டு வாம்மா, நாம சாப்பிடலாம்.”