இன்சூரன்ஸ் ஒதுக்கிய ஆலோசகர்

"இன்சூரன்ஸ்காரங்க இப்பல்லாம் எங்களுக்குப் பணம் தர்றதில்லம்மா," என்றாள் மனநல ஆலோசகர். "ஆறு நாள் பயிற்சி முடிச்ச சொந்தக்காரங்க உங்க குறையக் கேட்டாத்தான் தருவாங்க. உங்க வீட்லயே ஒருத்தர ஒதுக்கியிருக்காங்க, போங்க."

கன்றிப்போயிருந்த மணிக்கட்டைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நிறைமதி வீடு திரும்பினாள்.

அவள் கணவன் தயாபரன் சட்டையில் புது ஆலோசகர் அட்டையைக் குத்திக்கொண்டு சாப்பாட்டு மேசையருகே காத்திருந்தான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பவேண்டிய ஒலிப்பதிவைத் தொடங்கினான். கல்யாணமான இத்தனை வருடத்தில் முதன்முறையாக அவளிடம் மரியாதையாகப் பேசினான்.

"பயப்படாம சொல்லுங்க. வீட்ல யாராவது உங்களை அடிக்கிறாங்களா?"

அவள் அவன் கையையே பார்த்தாள். "இல்லீங்க."

'நல்ல முன்னேற்றம்' என்று படிவத்தில் எழுதிவிட்டு ஒலிப்பதிவை நிறுத்தினான்.

"இப்ப சொல்லுடி. அந்தப் பொம்பளைகிட்ட என்னத்தச் சொல்லப் போனே?"