லைட் எரியுதா?

“என் மைக்ல லைட் எரியுதா, தம்பி?” என்று மேடையிலிருந்து தையல்காரம்மா கேட்டார்.

“எரியுது, எரியுது. மகாராணிக்கு வெறும் ஒத்திகைக்குக்கூட லைட் எரியணும்!” என்றார் மைக்செட்காரர். பாடகர் குழு சிரித்தது.

லைட் எரிந்தது உண்மைதான். ஆனால் அந்த மைக்கிலிருந்து சின்ன சத்தம்கூட ஆலயத்து ஸ்பீக்கருக்குப் போகவில்லை. எழுந்து வர முடியாத நோயாளிகள் போனில் ஆராதனை கேட்கத் தனியாக ஒரு லைன் உண்டு. அதை யார் கேட்கப்போகிறார்கள் என்று, கரகரத்த அந்தக் குரலை மட்டும் மைக்செட்காரர் அதில் தள்ளிவிட்டு மாதக்கணக்காகிறது.

அவருக்குப் பாட்டென்றாலே இப்போதெல்லாம் எரிச்சல். வீட்டில் மனைவி நுரையீரல் நோயோடு படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே, “இனிமே என்னை ஜெபம் பண்ணச் சொல்லாதீங்க” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டவள். தலைமாட்டில் அவர் வைத்த போனை எடுக்கிறாளா இல்லையா என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் சண்டைதான்.

பாட்டு தொடங்கியது. முதல் சரணம் முடிவதற்குள் பாடகர் குழுவின் மாஸ்டர் மேஜையைத் தட்டினார்.

“யம்மா! முன்னாடி குரல்தான் கரகரன்னு இருந்துச்சு. இப்ப வரிக்கு வரி நொண்டி அடிக்குது. எல்லாரும் அடுத்த வரிக்குப் போயாச்சு, நீங்க மட்டும் நின்னு மூச்சு விட்டுட்டு வர்றீங்க!”

“அப்படித்தாங்க வருது.”

“அப்ப இறங்கிடுங்க. ஆராதனைக்கு நீங்க வேணாம்.”

மைக்செட்காரர் இதற்காகவே காத்திருந்தவர் போலச் சுவிட்சைத் தட்டினார். லைட் அணைந்தது.

இறங்கச் சொன்னபோது மாறாத தையல்காரம்மாவின் முகம் அப்போதுதான் மாறியது. “தம்பி, லைட்டைப் போடுங்க. ரெண்டாவது சரணம் மட்டும் பாடிட்டுப் போயிடறேன்.”

“எதுக்கு? உங்க குரல் இந்த ஹால்ல கேட்டே மாசக்கணக்காச்சுக்கா! நான்தான் நிறுத்தி வெச்சேன். ஒரு ஈ காக்கா கேட்கல, போதுமா?”

குழுவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தையல்காரம்மா திகைக்கவில்லை, அழவும் இல்லை. “லைட்டைப் போடுங்க தம்பி” என்றார் மறுபடியும்.

மைக்செட்காரரின் போன் அடித்தது. மனைவி.

“ஏங்க... லைன் ஏன் செத்துப்போச்சு?” மூச்சு வாங்கியது. கோபமும் இருந்தது.

“நீ... நீ அதைக் கேட்கறியா?”

“கேட்கறேனா? கூடப் பாடறேன். அதுல அந்தக்கா குரல் ஒண்ணுதான் வருது. வரிக்கு வரி கொஞ்சம் நிறுத்துங்கக்கா, எனக்கு மூச்சு எட்டலைன்னு நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். இன்னிக்கு ரெண்டாவது சரணமும் பாடிட்டு ஜெபம் பண்ணலாம்னு இருந்தேன். எந்தப் பாவி நிறுத்தினது?”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க எப்பக் கேட்டீங்க?” போன் வைக்கப்பட்டது.

அவர் சுவிட்சைப் போட்டார். லைட் எரிந்ததும், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “ஹால்ல கேட்கலன்னு தெரிஞ்சுமா அக்கா, இத்தனை நாளும் பாடினீங்க?”

தையல்காரம்மா மைக்கை உதட்டருகே இழுத்துக்கொண்டார்.

“ஹாலுக்கு நான் எப்ப தம்பி பாடினேன்?”