முந்தலில் நின்ற ஜீப்

முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் ஜீப்புக்காரர் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார்.

அவர் அங்கே நிறுத்துகிற ஆள் இல்லை. போடிமெட்டில் வண்டியைத் திருப்பினால் எங்கள் ஊர் சிலமலை வந்துதான் நிற்பார். நடுவில் யாருக்கு என்ன அவசரமென்றாலும் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"நேத்தே சொன்னேன்ல. எல்லாரும் ஆதார் கார்டக் கொண்டாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். அப்பிடியே இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து."

ஜீப்புக்குள் பேச்சு நின்றது. ஏலத்தோட்டத்தில் ஆரம்பித்த இருளம்மாளின் மாமியார் கதையே நின்றுவிட்டது. அதை நிறுத்த இதுவரை ஒருவராலும் முடிந்ததில்லை.

வரும் வழியில் பூப்பாறையில் எல்லோருக்கும் டீயும் பழம்பொரியும் வாங்கித் தந்திருந்தார். கிடாய்க்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள் என்று சுகன்யா அப்போதே என் காதில் சொன்னாள். சொல்லிவிட்டு இரண்டாவது பழம்பொரியையும் எடுத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் யாராவது ஆதார் கேட்டால் எதற்கு என்று கேட்க மாட்டோம். எவ்வளவு லோன் என்றுதான் கேட்போம்.

அவர் மறுபடியும் முதலிலிருந்து விளக்கினார்.

மலையில் தோட்ட முதலாளி எங்கள் எல்லோருடைய வாரக்கூலியையும் ஒரே மொத்தமாக ஜீப்புக்காரர் போனுக்கு அனுப்பிவிடுவார். இவர் போடியில் அதை எடுத்துவந்து சனிக்கிழமை ஆளாளுக்குப் பிரித்துத் தருவார். இந்த ஏற்பாட்டைச் செய்யச் சொன்னதே நாங்கள்தான். எங்கள் கணக்கில் போட்டால் லோன்காரன் வந்ததும் பிடித்துக்கொள்வான். அவன் விட்டது வீட்டில் ஏடிஎம் கார்டு வைத்திருக்கிற புருஷனுக்கு.

இப்போது அதுவே வினையாகிவிட்டது. வருமான வரிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போனால், எங்கள் கூலியெல்லாம் இவருக்கு வந்த பணமாக அதில் முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறதாம். ஜீப் ஓட்டுகிறவருக்கு ஏது இத்தனை லட்சம் என்று கேட்டால் பதில் வேண்டும். இது எங்கள் கூலி, இவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டோம் என்று ஒவ்வொருத்தியும் எழுதிக்கொடுத்து, ஆதாரையும் சேர்த்து வைத்தால் தப்பிக்கலாம். இல்லாவிட்டால் வரியும் அபராதமும் கட்ட ஜீப்பை விற்க வேண்டியதுதான்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அநியாயமாகப் பேசி எங்களை இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை.

சுகன்யா பேப்பரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம் எழுதியிருந்ததில் ஒன்றும் குற்றம் இல்லை. பின்பக்கம் ஒன்றும் எழுதாமல் இருந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"கையெழுத்து வாங்கிட்டு இங்கன எத வேணாலும் எழுதிக்கலாம்ல?"

"மடியில கனமில்லேன்னா வழியில என்னண்ணே பயம்?" என்றாள் இருளம்மாள்.

"ஒங்க கூலிதான் ஆத்தா எம் மடியில கனமாக் கெடக்கு. அத எறக்கிவிடுங்கன்னுதான் கெஞ்சிக்கிட்டு நிக்கிறேன்."

ஆனாலும் யாரும் பையைத் திறக்கவில்லை. ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி, கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பார்க்கத்தான் செய்வார்கள். கேஸ் மானியம் வரும் என்று என் கார்டை வாங்கி, மிஷினில் விரலையும் வைக்கச் சொல்லி, என் பேரில் லோன் எடுக்கப்பட்டது ஊருக்கே தெரியும். எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது. வசூல்காரன் வாசலில் நின்று, தெருவே வேடிக்கை பார்க்க என்னை மானங்கெட்டவள் என்றான். கம்மலை விற்றுக் கட்டினேன். கடன் தீர்ந்துவிட்டது. கோபம் தீரவில்லை.

"மொதல்ல பொற்கொடி குடுக்கட்டும். அவ குடுத்துட்டா நாங்க மறுபேச்சில்லாம குடுக்குறோம்," என்றாள் இருளம்மாள்.

ஜீப்புக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் என் பக்கம் திரும்பாமலே பேசிக்கொண்டிருந்தவர்.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அது எனக்குத் தெரியும். போன வாரம் ஆடிட்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டியபோது பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டதும் நான்தான். இரண்டு நாளாக அவருக்குத் தூக்கமில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பைக்குள் கையை விட்டேன். கார்டு விரலில் பட்டது. அதை எடுத்து நீட்டினால் போதும், ஜீப் மிஞ்சும். சோறு மிஞ்சும். எடுடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கை மேலே வரவில்லை.

"வீட்டுல இருக்கு," என்றேன்.

சுகன்யா பேப்பரை மடித்து முன் சீட்டில் போட்டாள்.

அந்தக் கார்டைக் காலையில் பீரோவிலிருந்து எடுத்து, என் தூக்குவாளிக்குப் பக்கத்தில் பைக்குள் வைத்தவர் ஜீப்புக்காரர்தான். எனக்குத் தாலி கட்டியவர். அன்றைக்கு என் விரலைப் பிடித்து மிஷினில் வைத்தவரும் அவர்தான்.

பையில்தானே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. வண்டியைக் கிளப்பினார்.