இளைய வண்டியின் பெட்டி

இப்போதெல்லாம் ஒருத்தனுக்கும் ‘தெரியாது’ என்று சொல்ல வாய் வருவதில்லை.

எதைக் கேட்டாலும் ‘ஆயிடும்’ என்கிறான்.

மெக்கானிக் தனபாலும் அதையே சொல்லிவிட்டு பானெட்டை மூடினான். கையைக்கூடத் துடைக்கவில்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

வண்டிக்காரப் பெரியவர் ஏறவில்லை. முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார்.

பின்சீட்டில் மனைவி. மடியிலும் பக்கத்திலும் தூக்குவாளிகள். புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு. மகள் பிரவீணாவுக்கு இன்று கட்டுச்சோற்றுச் சடங்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி, கோத்தகிரியில் சம்பந்தி வீட்டில் விருந்து வைத்து, சாயங்காலம் அவளைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு இறங்க வேண்டும்.

ஒன்பதாம் மாசம்.

ஏறுவதில் ஒன்றுமில்லை. இறங்குவதுதான்.

வளைவில் எஞ்சின் நின்றால் பிரேக் மிதிபடாமல் கல்லாகிவிடும். ஸ்டீயரிங் இறுகிக்கொள்ளும். பின்னால் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

போன மழையில் தண்ணீர் புகுந்து எஞ்சினின் கம்ப்யூட்டர் செத்துப்போனது. சோற்று டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. அது சொன்னால்தான் பெட்ரோல் இறங்கும். அது சொன்னால்தான் தீப்பொறி. இவர் வண்டியின் வயசுக்கு அப்படி ஒன்று எங்கேயும் கிடைக்கவில்லை. தனபால், அதே பெயருள்ள புது மாடலிலிருந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து, வயர்களை வெட்டி ஒட்டிப் பொருத்திவிட்டான்.

“ஒரே வண்டிதானுங்கய்யா. பேரு ஒண்ணுதானுங்களே.”

பேர் ஒன்றுதான். இளையவள் ஜாதகத்தை எடுத்து மூத்தவளுக்குப் பொருத்தம் பார்த்தால் ஆகுமா?

“அந்தப் புது வண்டி என்னாச்சு?”

“லாரியில மோதி நசுங்கிருச்சுங்க.”

“எதுக்கு மோதுச்சு?”

“அதைப் பொட்டிகிட்டத்தான் கேக்கோணுங்.”

தனபால் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

குனிந்து எஞ்சினை அணைத்தார். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினார். முன்பெல்லாம் இப்படித் திருப்பியதும் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்து காட்டும். எஞ்சின் ஓடினால் அணையும். கோளாறு இருந்தால் அணையாது.

இப்போது எரியவே இல்லை.

“அந்த லைட்டுக்கு இந்தப் பொட்டியில வயர் வரலீங்க. உட்டுட்டேன். எரியாட்டி நல்லதுதானுங்களே?”

“நோவு வந்தாச் சொல்றதுக்கு வாயே வேண்டாம்னுட்டயா?”

“ஏனுங்,” என்றாள் மனைவி உள்ளேயிருந்து. “ராவுகாலத்துக்கு முந்தி மலையேறோணும். அங்க எலை போட்டுட்டு உக்கோந்திருப்பாங்க. நீங்க வண்டிக்கு நாடி புடிச்சுட்டு நில்லுங்க.”

“எறங்கு. பஸ்ல போலாம்.”

“இத்தன வாளியைத் தூக்கிட்டா? நா எறங்க மாட்டேன்.”

முகூர்த்த நாள். வாடகை வண்டி ஒன்றும் இல்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள்.

அவர் கதவைச் சாத்தினார். பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

கொஞ்ச தூரம் போவதற்குள் வண்டி பக்கத்தில் வந்தது. தனபால் ஓட்டினான். பின்னால் வாளிகளோடு மனைவி. மனுசன் நடக்கிற வேகத்துக்கே வந்தது.

“கேளுங்கய்யா. இருமுதா? திணறுதா?”

காய்கறி மண்டி வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

“என்னங்க பெரியவரே, சாமி ஊர்வலமா?”

அவர் காது எஞ்சினிலேயே இருந்தது.

இருமவில்லை. திணறவில்லை.

அவருக்குப் பழகின சத்தமும் இல்லை. தன் வீட்டுக்குள்ளிருந்து வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

எதிரே ஒரு பஸ் நின்றது. ஒரு பெண் படியில் காலை வைத்தாள். எட்டவில்லை. கம்பியைப் பிடித்து, எக்கி ஏறினாள்.

பிரவீணா எப்படி ஏறுவாள்?

அவர் நடை தளர்ந்தது.

கதவின் கைப்பிடி அவர் கையோரமாகவே வந்துகொண்டிருந்தது. வெயிலில் சூடேறியிருக்கும்.

கையை நீட்டினார்.

சத்தம் நின்றது.

வண்டி கொஞ்சம் உருண்டது. பிறகு அதுவும் நின்றது.

“நாந்தானுங்கய்யா ஆஃப் பண்ணுனேன்,” என்றான் தனபால். “நீங்க ஏறுவீங்கன்னு.”

அவன் கை சாவிமேல்தான் இருந்தது. அதற்கு முன்னால் எங்கே இருந்ததென்று அவர் பார்க்கவில்லை.

ஜன்னல் வழியாக மனைவியைப் பார்த்தார்.

“நீ பாத்தயா?”

அவள் தனபாலின் பிடரியைப் பார்த்தாள். மடியிலிருந்த வாளியின் மூடியை அழுத்தினாள். ஏற்கெனவே இறுக மூடியிருந்த மூடி.

பிறகு, பஸ்ஸுக்கே கொண்டுபோகச் சொல்வது மாதிரி, அந்த வாளியை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

வாங்கிக்கொண்டார். அடி இன்னும் சூடாக இருந்தது.

நடந்தார்.

பின்னால் ஒரே திருப்பில் எஞ்சின் கிளம்பியது. “பாருங்கய்யா!” என்று தனபால் கத்தினான்.

அவர் திரும்பவில்லை.